பம்பரில் தெறிக்கும் வெய்யிலைப் படம் பிடிக்கலாமா?

கேள்வி: சுன்னாகத்திலிருந்து ஓர் இளைஞர் எழுதியிருக்கிறார். அவருடைய அப்பப்பா 1950களில் வாங்கிய ஒஸ்ரின் ஏ40 சோமசெற் காரைக் குடும்பத்தார் அண்மையில் திருத்தி, பம்பர், ஹெட்லைற் வளையம், சில்லு மூடி ஆகியவற்றுக்குப் புதிதாகக் குரோமியம் பூசியிருக்கிறார்கள். அந்தக் குரோமில் வெய்யில் நட்சத்திரமாய் மின்னுவதைப் படம் பிடிக்க விரும்பி, 70-300 மில்லிமீற்றர் வில்லை பூட்டிய டிஎஸ்எல்ஆர் கமராவின் கண்துளையூடாக அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். நட்சத்திரம் வரவில்லை, நீளமான வெள்ளைக் கீற்றுத்தான் வந்தது. பிறகு வலக்கண்ணில் பச்சைப் புள்ளியொன்று தோன்றிப் பத்து நிமிடத்தில் மறைந்திருக்கிறது. "இனிமேல் இந்த வேலையே வேண்டாம் என்கிறார் அம்மா. 'நேரே சூரியனைப் பார்க்கவில்லையே, தெறிப்பைத்தானே பார்த்தாய்' என்கிறான் நண்பன். யார் சொல்வது சரி? கறுப்புக் கண்ணாடி அணிந்தால் போதுமா, தெறிப்பை வெட்டும் போலரைசர் வடிகட்டி வாங்கலாமா, கமரா பழுதாகுமா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள தம்பி,

பச்சைப் புள்ளியை நீங்கள் கடைசியில்தான் எழுதியிருக்கிறீர்கள். நான் அதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றக் கேள்விகளுக்கு அவசரமில்லை. பத்து நிமிடத்தில் மறைந்த புள்ளி, பிளாஷ் விளக்கைப் பார்த்தபின் தோன்றுவது போன்ற வெறும் பின்விம்பமாகவே பெரும்பாலும் இருக்கும். ஆனால் விழித்திரையில் ஏற்படும் சூரியக் காயம் அந்த நேரத்தில் தெரியாமல், சில மணி நேரம் கழித்தோ மறுநாட் காலையிலோதான் தெரியவரும் என்பதால், இதைப் படித்ததும் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, சுவரில் தொங்கும் நாட்காட்டியின் கட்டங்களை மற்றக் கண்ணால் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றிப் பாருங்கள். நீங்கள் உற்றுப் பார்க்கும் இலக்கம் மங்கினாலோ, அதன் நடுவே சாம்பல் நிறத் திட்டு நின்றாலோ, நேர்கோடு அந்த இடத்தில் வளைந்து தெரிந்தாலோ, கமராவை வைத்துவிட்டு யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் கண் சிகிச்சைப் பிரிவுக்கோ உங்களுக்குத் தெரிந்த கண் வைத்தியரிடமோ செல்லுங்கள். நடந்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள். கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

இதை நான் புத்தகத்தில் படித்து எழுதவில்லை. தொண்ணூறுகளில், படச்சுருள் கிடைப்பதே அரிதாயிருந்த நாட்களில், முப்பத்தாறு படங்களைக் கொண்ட ஒரு சுருளை மாதக் கணக்கில் வைத்துச் செலவழித்த தலைமுறை எங்களுடையது. ஒரு படத்தையும் வீணாக்கக் கூடாதென்பதால், சரியான கணம் வரும்வரை கண்துளையில் கண்ணை ஒட்டிக்கொண்டு காத்திருப்போம். ஒருநாள் பின்னேரம் நான்கு மணியளவில் பண்ணைப் பாலத்தடியில், கடலில் நட்டிருந்த மீன்பிடித் தடிகளுக்கிடையே மின்னிய வெய்யிலை 200 மில்லிமீற்றர் வில்லையால் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடியின் நுனியில் கொக்கு வந்து இறங்கட்டும் என்று காத்திருந்தேன். கண் வலிக்கவில்லை, கூச்சம்கூடச் சற்று நேரத்தில் பழகிவிட்டது. மறுநாட் காலை பத்திரிகையை விரித்தபோது, வலக்கண்ணால் எந்தச் சொல்லைப் பார்த்தாலும் அதன் நடு எழுத்து இல்லாமல் இருந்தது. அந்தத் திட்டுக் கரைய மூன்று மாதங்கள் சென்றன, முழுவதும் கரையவில்லை. இன்றும் வலக்கண்ணால் மட்டும் பார்த்தால் கதவு நிலையில் சிறு நெளிவொன்று தெரிகிறது. கொக்கு வரவேயில்லை.

ஏன் வலிக்கவில்லை என்பதுதான் இங்கே முக்கியம். விழித்திரையில் வலியை உணரும் நரம்புகள் இல்லை. நாம் உற்றுப் பார்க்கும் பொருளின் விம்பம் விழித்திரையின் நடுக்குழியில் விழுகிறது. எழுத்தை வாசிப்பதும் முகத்தை அடையாளம் காண்பதும் அந்தச் சிறிய இடத்தால்தான். சூரியனின் விம்பம் அங்கே மில்லிமீற்றரில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு அகலத்தில் விழும். நீல ஒளி அங்குள்ள கலங்களில் இரசாயன மாற்றங்களைத் தூண்டிக் காயப்படுத்துகிறது. இது சுடுவதைப் போன்றதல்ல. நேரத்தோடு சேர்ந்து கூடுகிற காயம். ஆகவே "எனக்கு ஒன்றும் செய்யவில்லை" என்று அந்த நேரத்தில் கண் சொல்வதை நம்பமுடியாது. பலருக்கு வாரங்களிலோ மாதங்களிலோ குணமாகிறது, சிலருக்கு ஆவதில்லை. குணமாக்குமென்று உறுதி தரும் மருந்தும் இல்லை.

இனி உங்கள் நண்பரின் வாதத்துக்கு வருகிறேன். 2010 ஜனவரி 15, தைப்பொங்கலுக்கு மறுநாள், கங்கண சூரிய கிரகணம் யாழ்ப்பாணத்தின் மேலாகச் சென்றது. 2019 டிசம்பர் 26 காலையிலும் அவ்வாறே நடந்தது. இரண்டு நாட்களிலும் எத்தனையோ முற்றங்களில் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் வைத்து, அதில் தெரியும் சூரியனைக் குனிந்து பார்த்தார்கள். அமைதியான நீர், மேலிருந்து விழும் ஒளியில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கைத்தான் தெறிக்கச் செய்கிறது. கேட்பதற்கு அது மிகக் குறைவுபோல இருக்கும். ஆனால் சூரியனை நேரே பார்ப்பதற்கென்று தரப்படுத்தப்பட்ட கண்ணாடிகள், ஓர் இலட்சத்துக்கு ஏறத்தாழ மூன்று பங்குக்கு மேல் ஒளியைக் கடத்தக் கூடாது. நூற்றுக்கு இரண்டு என்பது இலட்சத்துக்கு இரண்டாயிரம். அதாவது பாதுகாப்பான அளவைவிட அறுநூறு மடங்குக்கும் மேல். தெளிந்த தண்ணீரில் தெரிந்த சூரியனின் நிலையே இதுவென்றால், விழும் ஒளியில் பாதிக்கும் மேல், ஏறத்தாழ அறுபது வீதத்தைத் தெறிக்கச் செய்யும் குரோமைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. சாதாரணக் கண்ணாடியின் ஒரு முகம் நான்கு வீதமும், இரு முகங்களும் சேர்ந்து எட்டு வீதமும் தெறிக்கச் செய்யும். சாய்ந்து விழும் ஒளிக்கு நீரும் கண்ணாடியும் இன்னும் அதிகமாகவே தெறிக்கச் செய்யும். மாலைக் கடல் உச்சிவேளைக் கடலைவிடக் கண்ணைக் குத்துவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே நண்பர் சொல்வது தவறு. தெறிப்பில் தெரிவதும் சூரியனே.

ஆனால் அம்மா சொல்வதுபோல வேலையையே விட்டுவிட வேண்டியதில்லை. எந்தப் பரப்பு எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டால் போதும். பாடசாலையில் தளவாடி, குவிவாடி, குழிவாடி என்று படித்திருப்பீர்கள். உங்கள் காரில் மூன்றும் இருக்கின்றன. சாரதியின் பின்பார்வைக் கண்ணாடி வெள்ளி முலாம் பூசிய தளவாடி. அதில் தெரியும் சூரியன் வானத்தில் தெரியும் அதே அளவிலும் ஏறத்தாழ அதே ஒளியிலும் இருக்கும். அதைப் படத்தின் பொருளாக்கவே வேண்டாம். கதவுக் கண்ணாடியும் தட்டையானதுதான்; ஒளி குறைந்தாலும் உருவம் குறையாது.

சில்லு மூடியின் நடுமுகடு குவிவாடி. முகட்டின் வளைவு ஆரை பத்துச் சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொண்டால், சூரியனின் விம்பம் அதற்குள்ளே ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்தில், அரை மில்லிமீற்றருக்கும் குறைந்த அகலத்தில் உருவாகும். இரண்டு மீற்றர் தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு அது வானத்துச் சூரியனின் நாற்பதில் ஒரு பங்கு அகலமுள்ள ஊசிமுனையாகத் தெரியும். கண்ணுக்கு வந்து சேரும் மொத்த ஒளியும் அதற்கேற்ப ஆயிரம் மடங்குக்கும் மேல் குறைந்துவிடும். வெறுங்கண்ணால் கடந்து போகிற பார்வையில் அதைப் பார்ப்பதால் ஆபத்தில்லை. அதையே 300 மில்லிமீற்றர் வில்லையின் கண்துளையூடாக உற்றுப் பார்க்கும்போது நிலைமை மாறுகிறது. வில்லை அந்த ஊசிமுனையை ஐந்து மடங்குக்கு மேல் அருகே இழுத்துப் பெரிதாக்குவதோடு, உங்கள் கண்மணி தானாகத் திரட்டக்கூடியதைவிடப் பல மடங்கு ஒளியைத் திரட்டிக் கண்ணுக்குள் செலுத்துகிறது. தூரத்தில் நின்று பெற்ற பாதுகாப்பை அந்த வில்லையே பறித்துவிடுகிறது. நீங்கள் செய்த ஒரே பிழை அந்தக் கண்துளைதான்.

குழிவாடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழைய கார் திருத்துகிறவர்கள் அதைக் கழற்றி வெளியே வைப்பதுண்டு. ஹெட்லைற்றின் கண்ணாடியை நீக்கிவிட்டால் உள்ளே இருப்பது ஒளியைக் குவிக்கும் கிண்ணம். கொக்குவிலில் ஒரு கராஜில், வெய்யிலில் மல்லாக்காக வைத்திருந்த அந்தக் கிண்ணத்தின் மேல் யாரோ கை துடைக்கும் பழந்துணியைப் போட்டுவிட்டுப் போக, சற்று நேரத்தில் அதிலிருந்து புகை கிளம்பியதை நான் பார்த்திருக்கிறேன். 2013இல் இலண்டனில் குழிந்த கண்ணாடி முகப்புள்ள உயர்மாடியொன்று தெருவில் நின்ற காரின் பாகங்களை உருக்கிய செய்தியும் நினைவிருக்கலாம். உட்புறம் மினுக்கிய பித்தளைத் தாம்பாளம், எவர்சில்வர்ச் சட்டி ஆகியவையும் இந்த இனந்தான். இவற்றின் குவிவுப் புள்ளிக்குள் முகத்தையும் கொண்டுபோகாதீர்கள், கமராவையும் கொண்டுபோகாதீர்கள்.

உங்களுக்கு நட்சத்திரம் ஏன் வரவில்லை என்பதற்கும் விடை இதற்குள்ளேயே இருக்கிறது. சோமசெற்றின் பம்பர் மேலிருந்து கீழாக நன்றாக வளைந்திருக்கிறது, இடமிருந்து வலமாக மிகக் குறைவாகவே வளைந்திருக்கிறது. எனவே சூரியனின் விம்பம் ஒரு திசையில் மட்டும் ஒடுங்கி, மறு திசையில் நீண்டு கிடக்கும். இரண்டு மீற்றர் தூரத்தில் நின்றால் பம்பரில் ஏறத்தாழ இரண்டு சென்ரிமீற்றர் நீளக் கீற்றாகத் தெரியும். கீற்றிலிருந்து நட்சத்திரம் பிறக்காது. எல்லாத் திசையிலும் வளைந்த இடம் வேண்டும்: சில்லு மூடியின் முகடு, ஹெட்லைற் வளையத்தின் தோள், பொனற்றின் நுனியில் சிறகு விரித்து நிற்கும் ஒஸ்ரினின் "ஏ" உருவம். எனக்கு அந்த "ஏ" உருவத்தில்தான் கண். இந்தப் பரப்புகளில் பாதுகாப்பானதாகச் சொன்ன குவிவுப் பரப்பே படத்துக்கும் அழகானதாக அமைவது இந்தத் தொழிலில் அரிதாகக் கிடைக்கும் சலுகை; அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

நட்சத்திரத்தின் கதிர்களை உண்டாக்குவது வில்லையின் துவாரத் தகடுகள். துவாரத்தை எஃப் 16 அளவுக்குச் சுருக்கும்போது, தகடுகளின் விளிம்பில் ஒளி வளைந்து கதிர்களாக நீளும். தகடுகளின் எண்ணிக்கை இரட்டையானால் கதிர்களும் அத்தனையே. ஒற்றையானால் அதன் இரு மடங்கு. எட்டுத் தகடுள்ள வில்லையில் எட்டுக் கதிர்கள், ஏழு தகடுள்ளதில் பதினான்கு. பெரும்பாலான கைத்தொலைபேசிகளில் துவாரத்தைச் சுருக்க முடியாதாகையால் இந்த நட்சத்திரம் கிடைக்காது. அதில் சிலருக்கு வரும் நீண்ட ஒளிக்கோடுகள் பெரும்பாலும் வில்லையில் ஒட்டிய விரல் எண்ணெயின் கைங்கரியம், துடைத்தால் போய்விடும்.

இனிச் செய்முறை. காலை ஒன்பது மணிக்கு முன்னரோ பின்னேரம் நான்கு மணிக்குப் பின்னரோ வெய்யில் பக்கவாட்டாக விழும் நேரத்தைத் தெரிந்தெடுங்கள். ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ற் கடைசியிலும் நண்பகலில் சூரியன் நமக்கு ஏறத்தாழ நேர் உச்சியில் நிற்கும். அப்போது கூரையும் பொனற்றும் மட்டுமே எரியும், காரின் முகம் நிழலில் கிடக்கும். கமராவை முக்காலியில் பூட்டி, கண்துளைக்குப் பதிலாக லைவ் வியூவை இயக்கிப் பின்திரையில் பாருங்கள். திரை எவ்வளவு வெளுத்தாலும் அது காட்டக்கூடிய வெளிச்சத்துக்கு ஓர் எல்லை உண்டு, கண்ணுக்குக் கேடில்லை. மிரர்லெஸ் கமராவின் கண்துளைக்குள் இருப்பதும் சிறு திரைதான் என்பதால் அதுவும் கண்ணுக்குப் பாதுகாப்பானது. உங்கள் டிஎஸ்எல்ஆரின் கண்துளை அப்படியல்ல, வில்லையூடாக வரும் அதே ஒளியைக் கண்ணாடிகளால் திருப்பிக் கண்ணுக்குத் தருவது.

அடுத்து ஒரு கறுப்புக் குடை வேண்டும். என் கமராப் பையில் எந்த வில்லை இல்லாவிட்டாலும் குடை இருக்கும். உதவியாளர் ஒருவர் சூரியனுக்கும் சில்லு மூடிக்கும் இடையே குடையைப் பிடித்து நிழல் விழச் செய்யட்டும். அந்த நிழலிலேயே சட்டத்தை அமைத்து, குவியத்தை மனுவலுக்கு மாற்றி, மூடியின் விளிம்பிலோ அதில் பொறித்த எழுத்திலோ குவியுங்கள். தானியங்கிக் குவியம் மின்னும் புள்ளியைக் கண்டால் முன்னும் பின்னும் அலைந்துகொண்டே இருக்கும். ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 100, துவாரம் எஃப் 16 என்று வைத்தால், வெய்யிலில் நிற்கும் காருக்கு வழமையான ஷட்டர் வேகம் நூற்றில் ஒரு செக்கன். அதை நானூறில் ஒன்றாக்குங்கள். கார் சற்று இருண்டு, புள்ளி தனித்து நிற்கும். புள்ளியின் நடு எப்படியும் வெள்ளையாகவே வரும். அதற்குள் விவரம் தேடி மேலும் இருட்டாக்க வேண்டாம். உணரி பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்தால் காரின் நிழற்பகுதிகளைப் பின்னர் தூக்கிக்கொள்ளலாம். எல்லாம் அமைந்ததும் இரண்டு செக்கன் தாமத ஷட்டரை அழுத்தி, "எடுங்கோ" என்று சொல்லுங்கள். குடை விலகும், கமரா தானே படம் எடுக்கும், குடை திரும்ப வரும். ஒரு படத்துக்கு இரண்டு மூன்று செக்கன் வெய்யில் போதும். அந்த இரண்டு மூன்று செக்கனிலும் நீங்கள் குடையைப் பாருங்கள், சில்லு மூடியைப் பார்க்காதீர்கள்.

முதல் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று தெரியும்: நீங்கள். குவிவாடி முற்றம் முழுவதையும் தனக்குள் சுருட்டி வைத்துக்கொள்ளும். வெள்ளைச் சேட்டும் வெள்ளை வேட்டியும் குரோமில் துலக்கமாக விழுவதால், கறுப்போ கடும் நீலமோ உடுத்துங்கள். முக்காலியின் பளபளக்கும் கால்களையும் துணியால் சுற்றிவிடுங்கள். குரோமை மினுக்கியபின் கைரேகை படாமல் பார்த்துக்கொள்வது நல்லது, வெய்யில் பக்கவாட்டில் விழும்போது ஒவ்வொரு ரேகையும் தெரியும்.

கமரா பழுதாகுமா என்றால், ஆகலாம். 300 மில்லிமீற்றர் வில்லை சூரியனின் விம்பத்தை, படத்தைப் பதியும் உணரியின் மேல் ஏறத்தாழ மூன்று மில்லிமீற்றர் அகலத்தில் விழுத்தும். வளைந்த குரோமில் தெரியும் ஊசிமுனை அவ்வளவு கேடு செய்யாது. தளவாடியில் தெரியும் முழுச் சூரியன் செய்யும். துவாரத்தை எஃப் 16 என்று வைத்துவிட்டதால் பாதுகாப்பு என்று எண்ணிவிடாதீர்கள்: லைவ் வியூவில் பல டிஎஸ்எல்ஆர் கமராக்கள் வில்லையை முழுவதும் திறந்தே வைத்திருந்து, படம் எடுக்கும் கணத்தில் மட்டுமே துவாரத்தைச் சுருக்கும். எனவே குடை இல்லாத நேரத்தில் வில்லை மூடி போட்டிருக்க வேண்டும். கமராவை முக்காலியில் விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகும்போதும் இதை மறக்கக் கூடாது. சூரியன் தன் அகலத்தை இரண்டு நிமிடத்தில் கடந்துவிடும், நீங்கள் திரும்பி வரும்போது அது சட்டத்துக்குள் வந்து நிற்கலாம்.

கறுப்புக் கண்ணாடி வெய்யிலில் நடப்பதற்கானது. பொதுவாக நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு ஒளியைக் கடத்தும். மேலே சொன்ன இலட்சத்துக்கு மூன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதை அணிந்ததால் கூச்சம் குறைந்து இன்னும் நெடுநேரம் உற்றுப் பார்ப்பீர்கள் என்பதால் எனக்கு அதில் அச்சமே அதிகம். எக்ஸ்ரே படலம், இறுவட்டு ஆகியவற்றின் கதையும் அதுவே. வில்லையின் முன்னே பூட்டும் கருமை வடிகட்டிகளில் பல, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைத் தடுப்பதில்லை. அவை உணரிக்குச் செல்லும் ஒளியைக் குறைக்கத்தான், அவற்றை நம்பிக் கண்துளையில் கண்ணை வைக்கக் கூடாது. போலரைசரை இந்தக் காருக்காக வாங்க வேண்டாம். நீரிலும் கண்ணாடியிலும் குறிப்பிட்ட சாய்வில், கண்ணாடிக்குச் செங்குத்திலிருந்து ஏறத்தாழ 56 பாகையில், தெறிக்கும் ஒளியை அது நன்றாக வெட்டும்; உலோகத்தின் தெறிப்பில் அதற்கு அதிகம் வேலையில்லை. நல்லூர்த் தேர் நாளில் கடைக் கண்ணாடிக்கு அப்பால் நிற்கும் முகங்களை எடுக்க விரும்பினால் அப்போது வாங்குங்கள்.

இன்னும் ஒன்று. காரைத் தெருக்கரையில் நிறுத்தி எடுப்பதானால், கதவுக் கண்ணாடியின் தெறிப்பு காங்கேசன்துறை வீதியில் எதிரே வரும் மோட்டார் சைக்கிள்காரரின் முகத்தில் விழுகிறதா என்று முதலில் பாருங்கள். விழுந்தால் கண்ணாடியை இறக்கிவிடுங்கள், அல்லது காரை ஓர் அடி திருப்புங்கள்.

குடை பிடிக்க அம்மாவையே கேளுங்கள். உங்கள் கண்ணைப் பற்றி அவருக்கு இருக்கும் கவலையில் அவர் குடையை ஒரு செக்கன்கூடப் பிந்திக் கொண்டுவரமாட்டார்.